திரை வீரனுக்கு நடை பயிற்றுதல்

ஹைதராபாத், சிகந்தராபாத் ஆகிய இரட்டை நகரங்களின் வடகிழக்குப் புறத்தே சைனிக்புரி என்னும் குடியிருப்பு உள்ளது. பெயருக்கேற்ப, படைகளில் பணியாற்றி ஓய்வு பெற்றோர் வீடு கட்டிக் குடியேறிய இடம் இது. முப்படை அதிகாரிகளுக்கு நிர்வாகப் பயிற்சி அளிக்கும் பாதுகாப்பு நிர்வாகக் கல்லூரியும் இங்கேயே அமைந்துள்ளது. அணிவகுப்பு நடையை நன்கறிந்தோர் பலர் வாழும் இவ்விடத்தில் ஒரு சிறு கணக்கு எளிதில் விளங்கும். 'தேஜ் சல்' என்ற கட்டளை பிறந்ததும் நம் நாட்டு வீரர் நிமிஷத்துக்கு 120 எட்டு வைத்து நடக்கிறார். ஒவ்வோர் எட்டின் நீளமும் 30 அங்குலம், அதாவது சுமார் 76 சென்டிமீட்டர். வினாடிக்கு இரண்டு எட்டு ஆகிறது. சினிமாவில் வினாடிக்கு 24 படங்கள் திரையில் விழுகின்றன. ஆகவே, ஓர் எட்டுக்கு 12 படங்கள். கார்ட்டூன் சித்திரம் வரைவோர், 12 படங்களில் ஓர் எட்டு வைக்கும் நடையை அணிவகுப்பு நடை என்றே நெடுங்காலமாக வழங்கி வருகின்றனர்.

வீடியோ விளையாட்டுகளில் தோன்றும் உருவங்களுக்கு அசைவூட்டும் அனிமேஷன் தொழிலைக் கற்கப் புகுவோர் முதன்முதலில் மேற்கொள்ளும் பயிற்சிகளுள் ஒன்று, ஒரு மனித உருவத்தை ஒழுங்காக நடக்கச் செய்வதாகும். ஹைதராபாதில் இத்தொழிலை நாடும் இளைஞர் பலர். 'சோட்டா பீம்' என்ற கார்ட்டூன் தொடரை 2008ஆம் ஆண்டு முதல் அளித்துவரும் கிரீன் கோல்டு நிறுவனம் இந்நகரைச் சேர்ந்தது. 2017இல் வெளியான 'அசுரா' என்ற விளையாட்டும் இங்குள்ள ஒரு சிறு நிறுவனத்தின் ஆக்கமே. விளையாட்டு ஆக்குவோரின் அகில இந்திய மாநாடு பல ஆண்டுகள் இந்நகரில் கூடியுள்ளது. சைனிக்புரிக்கு அருகே, 1967இல் தொடங்கப்பெற்ற எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆப் இந்தியா நிறுவனம், டி.டி.சி.-12 என்னும் கணிப்பொறியை 1969இல் ஆக்கி அளித்தது. அணுசக்தித் துறையின் தேவைகளுக்காகப் பிறந்த அந்த யந்திரத்தின் வழித்தோன்றல்கள் ஒரு நாள் சிறுவர்களின் விளையாட்டு வீரனை ஓடவும் குதிக்கவும் செய்யும் என்று அன்று எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

கார்ட்டூன் படத்துக்கும் விளையாட்டுக்கும் உள்ள வேற்றுமையை முதலில் அறிதல் வேண்டும். ஆந்திர நாட்டின் தோலுபொம்மலாட்டத்திலும் தமிழகத்தின் தோற்பாவைக் கூத்திலும் பாவையின் கைகால்களைத் தனித்தனியே வெட்டி மூட்டுகளில் கயிற்றால் பிணைப்பர். பாவையைச் செய்பவர் ஒருவராகவும், திரைக்குப் பின்னின்று ஆட்டுபவர் மற்றொருவராகவும் இருக்கக்கூடும். கார்ட்டூன் படத்தில் இவ்விரண்டும் ஒருவர் கையிலேயே உள்ளன: வீரன் எந்தக் கணத்தில் திரும்புவான் என்பதைச் சித்திரக்காரரே தீர்மானிக்கிறார். வீடியோ விளையாட்டிலோ, பாவையை ஆட்டும் கோல் ஆடுபவரின் கைக்குப் போய்விடுகிறது. அவர் எந்தக் கணத்தில் எந்தப் பொத்தானை அழுத்துவார் என்பது அனிமேஷன் கலைஞருக்குத் தெரியாது. ஆகையால் அவர் ஒரு காட்சியை ஆக்கித் தருவதில்லை. எந்த இடத்தில் வெட்டினாலும் எதனோடும் ஒட்டக்கூடிய அசைவுகளின் தொகுதி ஒன்றை ஆக்கித் தருகிறார். இத்தொழிலின் அருமையெல்லாம் இதில் அடங்கியிருக்கிறது.

பாவையின் அமைப்பு கணிப்பொறியிலும் ஏறக்குறைய அவ்வாறே உள்ளது. உருவத்தினுள் கண்ணுக்குப் புலப்படாத எலும்புக்கூடு ஒன்று அமைக்கப்படுகிறது. அதன் வேர் இடுப்பு. தோளைச் சுழற்றினால் முழங்கையும் மணிக்கட்டும் விரல்களும் உடன் செல்லும். விரலை மடக்கினால் தோள் அசையாது. இந்த எலும்புகளின்மேல் தோல் போர்த்தப்படுகிறது. தோலின் ஒவ்வொரு புள்ளியும் எந்த எலும்பை எவ்வளவு பங்கு பின்பற்ற வேண்டும் என்று குறிக்கவேண்டும். இப்பங்கீடு பிழைபட்டால், கை மடங்கும்போது முழங்கை வளைத்த ரப்பர் குழாயைப் போல நசுங்கித் தோன்றும்.

இனி, நடை. குதிகால் தரையைத் தொடும் நிலை, உடலின் பாரம் அக்காலில் இறங்கும் நிலை, மற்றைய கால் அதனைக் கடக்கும் நிலை, உடல் உந்தி எழும் நிலை என்று ஓர் எட்டை நான்காகப் பகுப்பர். இந்நான்கினையும் கலைஞர் அமைத்துவிட்டால் இடைப்பட்ட நிலைகளைக் கணிப்பொறி தானே நிரப்பிவிடும். தொடக்க நிலை மாணவர் ஏமாறுவதும் இங்கேதான். கணிப்பொறி நிரப்பியதை அப்படியே ஏற்றுக்கொண்டால் வீரன் நீருக்கடியில் மிதந்து செல்பவனைப் போலத் தோன்றுவான். பொருள்களுக்குப் பாரம் உண்டு என்பதை யந்திரம் அறியாது. விழும் பொருள் ஒன்று சமமான கால இடைவெளிகளில் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் தூரத்தைக் கடக்கும் என்பது கலிலியோ கண்ட உண்மை. குதிக்கும் வீரனின் படங்கள் உச்சியில் நெருங்கியும் தரையருகே விலகியும் அமைவது இதனாலேயே. தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் எழும்பும் ஒருவர் சுமார் 0.6 வினாடியே அந்தரத்தில் நிற்பார். வினாடிக்கு 60 படங்கள் காட்டும் விளையாட்டில் இது 36 படங்களாகும். விளையாட்டின் சுவையை முன்னிட்டு வேண்டுமென்றே இதனைக் கூட்டுவதுண்டு. ஆனால் இயற்கையின் அளவை அறிந்து மீறுவது வேறு, அறியாமல் மீறுவது வேறு.

கண்ணால் கண்டதாக நாம் நம்புவது பல வேளைகளில் பொய்யாகிவிடுகிறது. நாற்கால் பாய்ச்சலில் செல்லும் குதிரையின் நான்கு கால்களும் முன்னும் பின்னும் நீண்டிருக்கும்போது தரையை விட்டு எழுவதாக ஓவியர்கள் நெடுங்காலம் வரைந்து வந்தனர். 1878இல் கலிபோர்னியாவில் எட்வேர்டு மைபிரிட்ஜ் வரிசையாக வைத்த காமிராக்களால் எடுத்த படங்கள், கால்கள் வயிற்றின் கீழ் ஒன்றுகூடும் தருணத்திலேயே குதிரை முற்றும் அந்தரத்தில் இருப்பதைக் காட்டின. இன்றைய மாணவருக்கு இத்தகைய காமிரா சட்டைப் பையிலேயே உள்ளது. கனத்த வாளி ஒன்றைத் தாமே தூக்கி, அதனைச் செல்பேசியில் படம் பிடித்து, இடுப்பு எப்போது சாய்ந்தது, மறுதோள் எப்போது தாழ்ந்தது என்று படம் படமாக நிறுத்திப் பார்ப்பதே நற்பயிற்சியாகும்.

நடை அமைந்தபின் இணைப்பு வேலை தொடங்குகிறது. நிற்றல், நடத்தல், ஓடுதல், குதித்தல், விழுதல் என்று பத்து அசைவுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற ஒன்பதுக்கும் மாறக்கூடுமாதலால் மாற்றங்கள் 90 ஆகின்றன. இவை ஒவ்வொன்றையும் கையால் அமைத்தல் அரிது. எனவே, இரண்டு அசைவுகளையும் சிறிது நேரம் கலந்து, ஒன்றைக் குறைத்து மற்றொன்றைக் கூட்டுவர். நடையில் இடக்கால் முன்னே இருக்கும்போது, வலக்கால் முன்னேயுள்ள ஓட்டத்தோடு கலந்தால் இரு கால்களும் நடுவே ஒட்டிக்கொண்டு வீரன் நொண்டுவான். அதனால் நடையிலும் ஓட்டத்திலும் எந்தக் கால் எப்போது ஊன்றுகிறது என்பது ஒத்திருக்கவேண்டும்.

மற்றொரு குறை, பாதம் வழுக்குதல். மேலே கண்ட அணிவகுப்பு நடையில் வீரன் வினாடிக்கு 152 சென்டிமீட்டர் செல்கிறான். விளையாட்டின் நிரலை எழுதுபவர் அவனை வினாடிக்கு 200 சென்டிமீட்டர் நகர்த்துவாராயின், ஊன்றிய பாதம் வினாடிதோறும் 48 சென்டிமீட்டர் தரையில் சறுக்கும். அசைவிலிருந்தே வேகத்தைப் பெறுவது ஒரு பரிகாரம். ஆனால் அப்போது ஆடுபவரின் கட்டளைக்கு வீரன் உடனே பணிவதில்லை. எதனை விட்டுக்கொடுப்பது என்பதில் கலைஞரும் நிரல் எழுதுபவரும் வாதாடுவது இத்தொழிலில் வழக்கம். படிக்கட்டுக்குப் பரிகாரம் சற்று எளிது. தொடை எலும்பின் நீளம், கீழ்க்கால் எலும்பின் நீளம், இடுப்பிலிருந்து படிவரை உள்ள தூரம் ஆகிய மூன்றும் தெரிந்தால் முழங்கால் மடங்கவேண்டிய கோணம் கிடைத்துவிடும். மூன்று பக்கங்கள் அறிந்த முக்கோணத்தின் கோணத்தைக் காணும் பள்ளிக்கூடக் கணக்கே இது. இதனைத் தேர்வோடு மறந்துவிட்டவர்கள் இங்கே மறுபடியும் சந்திக்கிறார்கள்.

கார்ட்டூன் கலையில் தேர்ந்தவரையும் தடுமாறச் செய்வது பதிலின் வேகம். வாளை வீசுமுன் கையைப் பின்னே இழுத்தல் இயற்கை. இம்முன்னசைவே அடியின் வலிமையைக் காண்போருக்கு உணர்த்துகிறது. படத்தில் இதற்குப் பத்துப் படங்கள் தாராளமாக ஒதுக்கலாம்; அது 0.4 வினாடி. விளையாட்டில் பொத்தானை அழுத்தியவர் அத்தனை நேரம் காத்திருக்கவேண்டுமானால், வீரன் தம் சொல் கேளாதவன் என்று வெறுத்துவிடுவார். ஆகவே முன்னசைவை இரண்டு மூன்று படங்களாகச் சுருக்கி, வாளின் பாரத்தை அடித்த பிறகு வரும் தள்ளாட்டத்தில் காட்டுவர். எதிரியின் அசைவுக்கோ இதற்கு நேர்மாறான விதி. அவன் வாளை நெடுநேரம் ஓங்கினாலன்றி ஆடுபவர் கண்டு விலக இயலாது.

உயிருள்ள மனிதரின் அசைவை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன என்ற கேள்வி எழக்கூடும். அது பழைய முறையே. படம் பிடித்த அசைவின்மேல் கோடு வரையும் முறைக்கு மாக்ஸ் பிளைஷர் 1917இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ஜோர்டன் மெக்னர் தம் தம்பி ஓடுவதையும் குதிப்பதையும் வீடியோவில் பிடித்து அதனைக்கொண்டு 1989இல் 'பிரின்ஸ் ஆப் பெர்சியா' என்ற விளையாட்டை ஆக்கினார். இன்று உடலில் அடையாளக் குமிழ்களைப் பொருத்திப் பல காமிராக்களால் அசைவைப் பதிவு செய்கின்றனர். சாதாரண வீடியோவிலிருந்தே அசைவைப் பிரித்தெடுக்கும் செயற்கை நுண்ணறிவு நிரல்களும் வந்துள்ளன. இவற்றால் கிடைப்பது கச்சாப் பொருள். முன்னசைவைச் சுருக்குதல், ஊன்றும் காலை ஒத்திசைத்தல், இணைப்புக்கு ஏற்ப வெட்டுதல் ஆகியவை அதன் பிறகே தொடங்குகின்றன.

நம் நாட்டில் இக்கலையை முறையாகக் கற்பித்தல் அரசின் முயற்சியாலேயே வேரூன்றியது எனலாம். 1956இல் டிஸ்னி நிறுவனத்தின் கலைஞரும் இந்தியாவில் பிறந்தவருமான கிளேர் வீக்ஸ், பம்பாயில் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவுக்கு வந்து இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஜாதகக் கதை ஒன்றைத் தழுவிய 'தி பன்யன் டீர்' என்ற குறும்படம் அப்பயிற்சியின் விளைவு. பிற்காலத்தில் இந்திய அனிமேஷனின் தந்தை எனப் போற்றப்பட்ட ராம் மோகன் அங்குப் பயின்றவரே. 2022இல் மத்திய அரசு இத்துறைக்கெனச் செயற்குழு ஒன்றை நியமித்தது. மும்பையில் இந்தியப் படைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் 2025இல் தொடங்கிற்று. ஹைதராபாதில் ஜவாஹர்லால் நேரு கட்டிடக்கலை, நுண்கலைப் பல்கலைக்கழகம் அனிமேஷனில் பட்டப்படிப்பு நடத்துகிறது.

இவற்றோடு தனியார் பயிற்சி நிலையங்களும் நகரெங்கும் உள்ளன. ஓய்வூதியத்திலிருந்தோ கடன் வாங்கியோ பெற்றோர் கட்டும் கட்டணம் சிறிதன்று. மென்பொருளின் பொத்தான்களை மட்டும் கற்பித்து, உடலின் பாரத்தையும் தருணத்தையும் கற்பிக்காத நிலையத்துக்கு அக்கட்டணம் வீண். 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் நிலைகுலைந்தபோது இந்தியாவில் ஆயிரக்கணக்கான கலைஞர்கள் திடீரென வேலையை இழந்தனர். தேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். இனி இடைநிலைகளை நிரப்புவதோடு நிற்பவரின் வேலையை யந்திரமே எடுத்துக்கொள்ளும். சேருமுன் பெற்றோர் கேட்கத்தக்க கேள்வி ஒன்று உண்டு: மாணவர் அமைத்த வீரனை, பிறர் பொத்தானை அழுத்தி ஆட்டிப் பார்க்கும் நிலைவரை பயிற்சி செல்கிறதா?

பொருளில்லாதவருக்கும் வழி அடைபடவில்லை. பிளெண்டர் என்ற மென்பொருள் 2002 முதல் திறந்த உரிமத்தின் கீழ் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் அமைத்த உருவத்தை கோடாட் என்ற இலவச எஞ்சினில் ஏற்றி விளையாட்டாகவே ஓட்டிப் பார்க்கலாம். வேலை தருவோர் பார்ப்பது பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்கு மேற்படாத மாதிரிப் படம். வாள்சண்டைகள் நிறைந்த நீண்ட படத்தைவிட, ஒருவன் ஓடிக்கொண்டே சட்டெனத் திரும்பி, எந்தக் காலையும் வழுக்கவிடாமல் நின்று, கீழே கிடக்கும் கனத்த மூட்டையைத் தூக்கும் பத்து வினாடிக் காட்சியில் அவர்கள் அதிகம் அறிந்துகொள்கிறார்கள்.