டேங்க் சுமக்கும் முதுகு: அன்றும் இன்றும்

வீராணம் ஏரிப் பாசனம் 44,856 ஏக்கர். காட்டுமன்னார்கோயில், குமராட்சி, சிதம்பரம், புவனகிரி என்று விரியும் இந்த நிலத்தில், சம்பா தூர் கட்டும் ஐப்பசி, கார்த்திகையில் மருந்தடிக்க ஆள் தேடி அலையாத விவசாயி குறைவு. இலைச்சுருட்டுப் புழு, குருத்துப்பூச்சி, கதிர் பிடிக்கும் நேரத்தில் புகையான். பூச்சிகள் அதேதான். அவற்றைக் கொல்ல வயலில் இறங்குகிறவர் எந்த அளவு பாதுகாப்பாக வீடு திரும்புகிறார் என்பதில்தான் நாற்பது, ஐம்பது ஆண்டு வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும்.

அன்றைக்குக் கடையில் கிடைத்தவை பாலிடால், எண்ட்ரின், டெமக்ரான், பி.எச்.சி. தூள். தூளைப் பழைய துணியில் மூட்டையாகக் கட்டி, பனி ஈரம் காயும் முன் பயிர்மேல் உதறிக்கொண்டே போவார்கள். கரையேறும்போது புருவமும் தலைமுடியும் வெளுத்திருக்கும். திரவ மருந்தென்றால் புட்டியின் மூடிதான் அளவு, கலக்குவதற்குக் கை. தெளிப்பானின் முனை அடைத்துக்கொண்டால் கழற்றி வாயால் ஊதுவார்கள். வேலை முடிந்ததும் டேங்கை வாய்க்காலில் அலசி, காலி டின்னை வீட்டுக்கு எடுத்துப் போவார்கள், பருப்போ உப்போ போட்டு வைக்க. இடையில் ஒருவருக்குத் தலை சுற்றினால் பித்தம் என்றோ காத்து கருப்பு என்றோ சொல்லி மோர் கொடுப்பார்கள். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவதும், வாயில் எச்சில் வழிவதும், தசை தானாகத் துடிப்பதும் நரம்பு விஷத்தின் அடையாளங்கள், அட்ரோபின் ஊசிக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிக்கொடுக்க அங்கே யாரும் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1958-ல் கேரளத்தில், பாரத்தியான் என்ற பூச்சிமருந்தோடு ஒரே கப்பலில் வந்த கோதுமை மாவைத் தின்று நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் விளைவாக 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971-ல் அதன் விதிகளும் வந்தன. புட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணம் வந்தது அந்த விதிகளால்தான். மருந்தைக் கையாளுகிறவருக்குக் கையுறை, பூட்ஸ், மூச்சுக் காப்பு கொடுக்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. முக்கோணம் எங்கள் ஊர்க் கடைக்கு வந்துவிட்டது. கையுறை இன்னும் வந்து சேரவில்லை.

நல்ல மாற்றங்களை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். எண்ட்ரின் 1990-லும் பி.எச்.சி. 1997-லும் போயின. எண்டோசல்பானை 2011-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. மெத்தைல் பாரத்தியான் 2018-லும், டெமக்ரான் என்று விற்ற பாஸ்பமிடானும் குருணை மருந்தான போரேட்டும் 2020 கடைசியிலும் தடைக்குள் வந்தன. உயிர்களை அதிகம் காப்பாற்றியது இந்தத் தடைகள்தான் என்பது என் உறுதியான எண்ணம். எச்சரிக்கைப் பலகையைவிட, கடையில் அந்தப் புட்டி இல்லாமல் போவது பெரிய பாதுகாப்பு.

வயலில் இறங்குகிறவருக்கு இன்னொரு ஆபத்தான பாம்புக்கடியிலும் காலம் மாறியிருக்கிறது. எலி இருக்கும் இடத்தில் பாம்பு இருக்கும், ராத்திரியில் மடை திறக்கப் போகிறவருக்கு வரப்பே ஆபத்து. அன்று இறுக்கக் கட்டுப்போட்டுப் பச்சிலைக்கு ஓடினார்கள். 2008-ல் 108 வண்டி வந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்து. அதற்கு விஷம் எடுத்துத் தருகிறவர்கள் 1978-ல் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டிய நோய்களில் சேர்த்தது. எண்ணிக்கை தெரிந்தால்தான் எந்த வட்டாரத்துக்கு எவ்வளவு மருந்து என்று திட்டமிட முடியும்.

மருந்தடிப்பவர்களுக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. இன்று வரப்பில் நின்று பாருங்கள். பேட்டரி டேங்க், முழுக்கை வைத்த பழைய சட்டை, மடித்துக் கட்டிய லுங்கி, மூக்கைச் சுற்றித் துண்டு. பத்து நிமிடத்தில் டேங்கின் மூடியிலிருந்து கசிந்து முதுகு நனைகிறது. துண்டும் நனைந்துவிட்டால் அது மருந்தை மூக்கோடு சேர்த்துப் பிடித்து வைக்கும் ஈரத்துணி. நரம்பு விஷம் உடலுக்குள் போகும் முக்கிய வழி தோல் என்பது வாயைமட்டும் மூடிக்கொள்பவருக்குத் தெரிவதில்லை. கூலி டேங்குக்கு இவ்வளவு என்று பேசுவதால் காற்று எதிரே அடித்தாலும் நிறுத்த மாட்டார், நிறுத்தினால் அவருக்குத்தான் நஷ்டம். குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றும் பெண்களையும், மறுநாளே அந்த வயலில் வெறுங்காலோடு களை எடுக்க இறங்குகிறவர்களையும் யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது அன்றைய பாலிடால் காலத்துக் கதையல்ல.

இப்போது ட்ரோன் வந்திருக்கிறது. ஏக்கருக்குக் கைத்தெளிப்பில் 200 லிட்டர் தண்ணீர் தேவைப்பட்ட இடத்தில் 10 லிட்டர் போதும், முதுகில் சுமையும் இல்லை. வரவேற்கிறேன். ஆனால் தண்ணீர் குறையும்போது கலவை பல மடங்கு அடர்த்தியாகிறது. அதைக் கலந்து ஊற்றுகிற ஆள் பழையபடி கூலிக்காரர்தான். மத்திய அரசு 2021 டிசம்பரில் ட்ரோன் தெளிப்புக்கு வழிமுறை வகுத்தது. அந்த உதவியாளருக்குக் கையுறை கொடுத்தார்களா என்று வயலில் பார்ப்பவர் யார்?

வெக்கையும் புழுக்கமும் உள்ள இந்தக் கடலோர ஊரில் பிளாஸ்டிக் அங்கி போட்டு ஒருவரால் அரைமணி நேரம் நடக்க முடியாது என்பது உண்மை. உலக உணவு வேளாண் அமைப்பின் பூச்சிக்கொல்லி நடத்தை நெறியே இதை ஒப்புக்கொண்டு, அத்தகைய கவசம் தேவைப்படும் மருந்துகளை வெப்ப நாடுகளில் தவிர்க்கச் சொல்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்தில் பேராசிரியர் கதிரேசன் குழுவினர் வளர்த்தெடுத்த நெல், மீன், கோழி கூட்டுப் பண்ணையம் இந்த வழியில் ஒரு நல்ல அடி. மீன் நீந்தும் வயலில் யாரும் கைபோன போக்கில் விஷம் ஊற்ற மாட்டார்கள்.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் பூச்சிமருந்து தெளிப்பும் பின்னாளில் சேர்க்கப்பட்டது. ஆக, பொறுப்பு வேலைக்குக் கூப்பிட்டவருடையது. நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சம்பா செலவுக் கணக்கில் மருந்துக்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதுங்கள்: ஒரு ஜோடி ரப்பர் கையுறை, நல்ல முகக்கவசம், கசியாத மூடி, ஒரு சோப்பு, குளிக்க ஒரு குடம் தண்ணீர். காற்று அடித்தால் வேலையை நிறுத்திவிட்டு அன்றைய கூலியைக் கொடுங்கள். மருந்தடித்த வயலில் லேபிளில் போட்டிருக்கும் நாள் கழியும்வரை களைக்கு ஆள் இறக்காதீர்கள்.