குழாய்த் தண்ணீரில் குளோரின் நெடி... குடிக்கலாமா?

"குழாயைத் திறந்தாலே குப்புனு பிளீச்சிங் பவுடர் நெடி! இதைக் குடிச்சா கேன்சர் வருமாமே?" என்று பக்கத்து வீட்டு மாமி உங்களையும் கலவரப்படுத்தியிருக்கலாம். அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதுதான் விஷயமே!

இந்தச் சந்தேகம் கிளம்பிய இடம் ஹாலந்து. ராட்டர்டாம் நகரக் குடிநீர் நிலையத்தில் வேலை பார்த்த யோஹன்னஸ் ரூக் என்ற வேதியியலாளர், குளோரின் கலந்த ஆற்றுத் தண்ணீரில் குளோரோஃபார்ம் உண்டாவதைக் கண்டுபிடித்து 1974-ல் வெளியிட்டார். ஆமாம்... அந்தக் காலத்தில் ஆபரேஷனுக்கு முன் மயக்கம் கொடுத்தார்களே, அதே குளோரோஃபார்ம்தான்! யாரும் அதைக் கொண்டுவந்து ஊற்றவில்லை. இலை, தழை, பாசியெல்லாம் மட்கித் தண்ணீரில் கரைந்திருக்கும் இல்லையா? அதோடு குளோரின் சேர்ந்ததும் தானாகவே உருவாகிவிடுகிறது. இந்த வகைப் பொருட்களுக்கு டிரைஹாலோமீத்தேன் என்று பெயர். ஹாலோஅசிட்டிக் அமிலங்கள் என்று இன்னொரு கூட்டமும் உண்டு.

பல வருடங்கள் இவை அதிகமுள்ள தண்ணீரையே குடித்தவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாக வருவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் அமெரிக்கா 1979-ல் டிரைஹாலோமீத்தேனுக்கு லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று எல்லை போட்டது. 1998-ல் அதையும் 80 ஆகக் குறைத்தது.

சரி, குளோரினே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? கூடவே கூடாது! காலராவும் டைஃபாய்டும் மஞ்சள் காமாலையும் வருடக்கணக்கில் காத்திருக்காது. சில நாட்களிலோ வாரங்களிலோ ஆளைப் படுக்க வைத்துவிடும். உலக சுகாதார நிறுவனமும், இந்தப் பயத்தால் கிருமி நீக்கத்தில் குறை வைக்கக் கூடாது என்றே சொல்கிறது.

குறைக்க வேண்டியது அழுக்கை. சம்பில் ஒரு சாண் சேறும் வேப்பிலைச் சருகும் கிடக்க, மேலே கைப்பிடி கைப்பிடியாக பிளீச்சிங் பவுடரைக் கொட்டுகிறோமே, அதுதான் தப்பு. முதலில் தேய்த்துக் கழுவுங்கள். மூடியைச் சரியாகப் போடுங்கள். பிறகு, டேங்கின் கொள்ளளவுக்கு ஏற்ற பவுடரை ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அரை மணி நேரமாவது கழித்துப் புழங்குங்கள்.

குடிக்கிற தண்ணீரைக் கொதி வந்ததும் அணைத்துவிடாமல், மூடியை எடுத்துவிட்டு இரண்டு மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். குளோரோஃபார்ம் பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். சமையலறை ஜன்னல் திறந்திருக்கட்டும்! ஹாலோஅசிட்டிக் அமிலங்கள் மட்டும் இதற்கு மசியாது. வெறும் கேண்டில் ஃபில்டருக்கு இரண்டுமே தப்பிவிடும். கார்பன் உள்ள ஃபில்டர் என்றால் இவற்றைப் பிடித்து வைக்கும். ஆனால் கார்பன் நிறைந்துவிட்டால் அதுவும் கைவிட்டுவிடும். எனவே கார்ட்ரிட்ஜ் மாற்றிய தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மெஷின் மேலேயே ஒட்டி வையுங்கள்.