ஒரே கம்பியில் அறுபத்து நான்கு குரல்கள்

மாணவர்களே, ஈராண்டுகளுக்கு முன்பு ஜாசின் பக்கத்துத் தோட்டக் கோயில் ஒன்றின் திருவிழாவில் பேச்சுப் போட்டி நடந்தது. என் மாணவி ஒருத்தி, மூன்றாம் படிவம், வகுப்பில் வாய் திறந்தால் நிறுத்த முடியாது. அன்று மேடையில் நான்காவது வாக்கியத்திலேயே தடுமாறிவிட்டாள். சொற்கள் இழுபட்டன, சில திக்கின. இறங்கி வந்து, "மனப்பாடம் பண்ணினதெல்லாம் மறந்துபோச்சு சார்" என்று அழுதாள்.

அவள் எதையும் மறக்கவில்லை. பந்தலின் கடைசியில், ஏறக்குறைய 70 மீட்டர் தள்ளி, மேடையைப் பார்த்தபடி ஒரு பெரிய ஒலிபெருக்கியைக் கட்டியிருந்தார்கள். அதுதான் காரணம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஒலி காற்றில் ஒரு விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். 70 மீட்டரைக் கடக்க 0.2 விநாடி. கம்பியில் போகும் மின்குறிப்பு அதே 70 மீட்டரை ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடும். ஆகவே மாணவி பேசியது உடனே பின்னால் ஒலித்தது. ஆனால் அந்த ஒலி காற்றில் மேடைக்குத் திரும்பி வந்தபோது 0.2 விநாடி கழிந்திருந்தது. தன் குரலே இப்படிச் சற்றுத் தாமதமாகக் காதில் விழுந்தால் நன்றாகப் பேசுபவருக்கும் நாக்குக் குழறும். பெர்னார்ட் லீ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1950-இலேயே இதை எழுதியிருக்கிறார். இதை அவளிடம் சொன்னபோது அவள் முழுதாக நம்பவில்லை. பரவாயில்லை.

பின்வரிசையில் இருந்தவர்களுக்கு வேறு தொல்லை. பக்கத்து ஒலிபெருக்கியில் ஒரு முறையும், மேடை ஒலிபெருக்கியில் சற்றுப் பிந்தி இன்னொரு முறையும் ஒரே சொல் கேட்டது. செங் சன்னாசிமலையில் மாசி மகத்துக்குக் கூடுவது போன்ற பெருங்கூட்டத்துக்கு ஒலி அமைப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியதே இதுதான். இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளை அலறவிடுவதைவிட, பல சிறியவற்றை வரிசையாக நட்டு, எல்லாவற்றையும் பின்பக்கம் பார்க்கத் திருப்பி, ஒவ்வொன்றையும் அதன் தூரத்துக்கு ஏற்பத் தாமதப்படுத்தி, மெதுவாக ஒலிக்கவிடுவது நல்லது. 35 மீட்டரில் இருப்பதற்கு 0.1 விநாடி, 70 மீட்டரில் இருப்பதற்கு 0.2 விநாடி.

ஆனால் பழைய முறையில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி இழுக்க வேண்டும். மேடையிலிருந்து கலவைப் பலகைக்கு வரும் கம்பிக்கட்டைப் பார்த்திருப்பீர்கள், மலைப்பாம்பு மாதிரி இருக்கும். அதை மின்சாரக் கம்பிக்கு அருகே போட்டால் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் 'ம்ம்ம்' என்று ஒலியில் ஏறிக்கொள்ளும். திருவிழாக்களில் நாம் கேட்டுப் பழகிய இசை அது!

கம்பி வழியாக ஒலியைப் பங்கிடுவது புதிதல்ல. சிங்கப்பூரில் ரெடிஃப்யூஷன் நிறுவனம் 1949-இலேயே வீட்டுக்கு வீடு கம்பி இழுத்து வானொலி கொடுத்தது. அந்தக் கம்பியில் ஒலி அலை, அலையாகவே போனது. இப்போது அது எண்களாகப் போகிறது.

ஒலிவாங்கியில் விழும் குரலை ஒரு விநாடிக்கு 48,000 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவும் 24 பிட் எண். பெருக்கினால் ஒரு குரலுக்கு விநாடிக்கு 11,52,000 பிட். இந்த எண்களை 48, 48 ஆகக் கட்டினால் ஒரு பொட்டலத்தில் ஒரு மில்லிவிநாடிக் குரல் இருக்கும். மேலே முகவரி ஒட்டி அனுப்ப வேண்டியதுதான். உங்கள் பள்ளிக் கணினிக்கூடத்தில் கணினிகளை இணைக்கும் அதே ஈதர்நெட் கம்பி போதும். 64 குரல்கள் போனாலும் விநாடிக்கு 7 கோடியே 40 இலட்சம் பிட்டுக்குச் சற்றுக் குறைவுதான். கம்பி தாங்குவதோ 100 கோடி. முகவரிகளுக்கும் இடம் வேண்டும், அப்படியும் தாராளம். ஒரே நிபந்தனை, செப்புக் கம்பி 100 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது. அதற்கு மேல் ஒளியிழை.

ஈதர்நெட் 1973-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. ராபர்ட் மெட்கால்ஃபும் டேவிட் போக்ஸும் அதை உருவாக்கினார்கள். (நம் பத்து பெரெண்டாம் குறைகடத்தித் தொழிற்சாலையும் அதே 1973-இல் தொடங்கியதுதான்.) அன்று எல்லாக் கணினிகளும் ஒரே கம்பியைப் பகிர்ந்தன. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இருவரும் நிறுத்திச் சற்றுப் பொறுத்து மறுபடி பேசவேண்டும். கடிதம் அனுப்ப அது சரி. பாட்டுக் கச்சேரிக்குச் சரிவருமா? ஒவ்வொருவருக்கும் தனிப் பாதை தரும் 'சுவிட்ச்' பெட்டிகள் பரவிய பிறகே வழி பிறந்தது. 1996-இல் கோப்ராநெட், பிறகு 2006-இல் சிட்னியில் தொடங்கிய ஆடினேட் நிறுவனத்தின் டான்டே என்று முறைகள் வந்தன. ஒருவர் கருவி மற்றவர் கருவியோடு பேசாது என்ற வம்பும் கூடவே வந்தது. 2013-இல் வெளியான ஏ.இ.எஸ். 67 என்ற பொதுத் தரம் அதை ஓரளவு தீர்த்தது.

இதில் எனக்கு மிகப் பிடித்த பகுதி கடிகாரம். இரண்டு கருவிகளிலும் குவார்ட்ஸ் படிகக் கடிகாரம் இருக்கிறது. பத்து இலட்சத்துக்கு 20 என்ற சின்ன வேறுபாடு அவற்றுக்கிடையே இருந்தால்கூட, 48,000 அளவுகளில் விநாடிக்கு ஏறக்குறைய ஒன்று கூடும் அல்லது குறையும். ஒரு மணி நேரத்தில் 3,456. அது 72 மில்லிவிநாடி. அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் இப்படி விலகினால் இடையிடையே 'டிக்' என்று வெட்டும். அதனால் வலையில் ஒரு கருவி தலைவன் ஆகிறது. மற்றவை அதனிடம் மணி கேட்கின்றன. கேள்வி போய்ப் பதில் வர ஆன நேரத்தை அளந்து, அதில் பாதியைப் பயண நேரமாகக் கணக்கில் சேர்த்துத் தம் மணியைத் திருத்திக்கொள்கின்றன. இந்த முறைக்கு 2002-இல் ஐ.இ.இ.இ. 1588 என்ற தரம் எழுதப்பட்டது. எல்லாக் கருவிகளும் மைக்ரோவிநாடி அளவுக்கு ஒத்துப்போகும்.

யூடியூப்பில் பாட்டு நின்று நின்று வந்தால் காத்திருக்கலாம். மேடையில் முடியாது. பொட்டலம் ஒரு மில்லிவிநாடி பிந்தினாலே அது குப்பை, மறுபடி அனுப்பச் சொல்லவும் நேரமில்லை. எனவே சுவிட்ச் பெட்டியில் வரிசை வைக்கிறார்கள். மணி சொல்லும் பொட்டலத்துக்கு முதல் வழி, குரலுக்கு இரண்டாவது, மற்ற எல்லாம் பின்னால்.

சென்ற ஆண்டு அதே திருவிழாவுக்கு என் முன்னாள் மாணவர் ஒருவர் இந்த முறையில் ஒலி அமைத்தார். முதல் நாள் மாலைச் சோதனையில் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை குரல் வெட்டியது. கம்பியை மாற்றினார், ஒலிவாங்கியை மாற்றினார், பயனில்லை. இரவு பத்தரைக்குப் பிடிபட்டது. அவர் வாங்கிவந்த சுவிட்ச் பெட்டி மின்சாரம் சேமிக்கும் வகை. போக்குவரத்து இல்லாத கணங்களில் இணைப்பைத் தூங்கவிட்டு, பொட்டலம் வந்ததும் எழுப்பும். எழ ஆகும் நேரம் மிகச் சிறியது, ஆனால் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல் இல்லை. மணி சொல்லும் பொட்டலங்கள் தள்ளாடின, கடிகாரங்கள் குழம்பின. சேமிப்பு வசதியை அணைத்தார். வெட்டு நின்றது.

மறுநாள் என் மாணவி, இப்போது நான்காம் படிவம், மறுபடி மேடை ஏறினாள். கடைசி ஒலிபெருக்கி அவளுக்கு முதுகைக் காட்டி நின்றது. ஏழு நிமிடம் பேசினாள். இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கிய பையன் உண்மையிலேயே நன்றாகப் பேசினான்.

நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். பள்ளித் திடலின் 100 மீட்டர் ஓட்டப் பாதையில் ஒரு நண்பரை மறுமுனையில் நிறுத்திக் கைதட்டச் சொல்லிக் கைப்பேசியில் காணொளி எடுங்கள். விநாடிக்கு 30 படம் என்றால், கை சேரும் படத்துக்கும் ஓசை கேட்கும் படத்துக்கும் நடுவே எட்டு அல்லது ஒன்பது படங்கள் இருக்கவேண்டும். எண்ணிப் பார்த்து, ஒலியின் வேகத்தை நீங்களே கணக்கிடுங்கள்.