மரக் கதவும் சமையலறைத் தரையும்

பழைய வீட்டைப் புதுக்குவோர் பலர் சமையலறைத் தரையை மாற்ற விரும்புவர். கதவும் நிலையும் அலுமாரிகளும் நல்ல மரத்தினால் ஆனவையாயின், அவற்றைக் கழற்றியெறிய எவருக்கும் மனம் வராது. ஆகவே, இருக்கும் மரத்துக்கு ஏற்ற தரையைத் தேர்வது எவ்வாறு என்னும் வினா எழுகின்றது. மரத்தின் நிறத்தை மெருகிட்டுச் சிறிது மாற்றலாம். பதித்த தரையையோ உடைத்தாலன்றி மாற்றவியலாது. எனவே, இத்தேர்வில் அவசரம் ஆகாது.

முதற்கண் மரத்தின் இயல்பை அறிதல் வேண்டும். இலங்கை வீடுகளில் பலா, தேக்கு, முதிரை முதலிய மரங்கள் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்துள்ளன. முதிரை வெளிர்மஞ்சள் நிறமுடையது, தேக்கு பொன்பழுப்பானது. பலாவோ அறுத்த புதிதில் மஞ்சளாயிருந்து, ஆண்டுகள் செல்லச் செல்லச் செம்பழுப்பாகக் கறுக்கும். புதிய பலாக் கதவின் இன்றைய மஞ்சளுக்கு இணையாகத் தரையைத் தேர்பவர், சில ஆண்டுகளில் அவ்விணக்கம் குலைந்திருக்கக் காண்பர். மரம் இனி அடையப்போகும் நிறத்தை எண்ணியே தரையைத் தேர்தல் தகும். வீட்டிலுள்ள பழைய பலாக் கதவொன்று அந்நிறத்தைக் காட்டிவிடும்.

பொருத்தம் என்பது ஒன்றுபோலிருத்தல் அன்று. மர வரிகளை அச்சிட்ட தரை ஓடுகள், உண்மை மரத்தின் அருகில் போலியாகவே தோன்றும். சாயலில் உறவும், வெளிர்மை கருமையில் வேறுபாடும் இருப்பதே நன்று. கறுத்த மரத்துக்கு மணல் நிறமோ சந்தன நிறமோ இசையும்; வெளிர்ந்த முதிரைக்குச் செங்கல் நிறம் எடுப்பாயிருக்கும். சிவப்புச் சாயமிட்டு மெழுகிய சீமெந்துத் தரை பழைய வீடுகளின் பலாக் கதவுகளோடு இசைந்து நிற்பதற்கும் இச்சாயல் உறவே காரணம். ஆயினும், சாளரம் சிறிதாயுள்ள அடுக்களையை அத்தகைய தரை மேலும் இருளச் செய்யும்.

கடையின் விளக்கொளியில் கண்ட நிறம் வீட்டிலும் அவ்வாறே தோன்றும் என எண்ணலாகாது. மாதிரி ஓடுகள் இரண்டு மூன்றைக் கொணர்ந்து, கதவடியிலும் அலுமாரியின் அருகிலும் கிடத்திக் காலையிலும் மாலையிலும் விளக்கேற்றிய பின்னும் நோக்குதல் வேண்டும். அவ்வேளையிலேயே அவற்றின்மேல் நீர் தெளித்து, வெறுங்காலால் அழுத்தித் தேய்த்தும் பார்த்தல் நலம். கண்ணாடிபோல் மினுங்கும் ஓடு கண்ணுக்கு இனிதாயினும், கொதிக்கும் சோற்றுப் பானையை இறக்கிச் செல்லும் தாய்க்கும், தடியூன்றி வரும் பாட்டிக்கும் அது ஆபத்தானது. அழகும் பாதுகாப்பும் முரண்படின், பாதுகாப்பையே கொள்ளல் வேண்டும்.

தரையின் உயரமும் மறக்கத்தக்கதன்று. பழைய தரையின்மேலேயே ஓடு பதித்தால், ஓடும் அதன் கீழ்ச் சாந்துமாகச் சேர்ந்து தரையை உயர்த்திவிடும். பின்னர்க் கதவு திறவாது. எத்துணை உயரும் என்பதை முன்னரே அளந்து, தச்சரைக் கொண்டு கதவின் அடியைச் சீவிக்கொள்ளல் வேண்டும். சீவிய பகுதிக்கு மெருகு பூசாதுவிட்டால், தரை கழுவும் நீரை மரம் உறிஞ்சி உப்பும். அலுமாரிகளையும் நீர் தேங்காதவாறு சிறு மேடையின்மேல் நிறுத்துதல் நன்று.

ஓடுகளை வாங்கும்போது, வெவ்வேறு முறை சுட்டவை நிறத்தில் சற்று வேறுபடுமாதலால், பெட்டிகளின் தொகுதி எண் ஒன்றாயிருத்தலைக் கவனித்தல் அவசியம். உடைவுக்கென நூற்றுக்குப் பத்து வீதம் மிகையாகவும் வாங்குதல் வேண்டும். இடைவெளிகளை நிரப்பும் சாந்து வெண்மையாயின், மஞ்சட்கறையும் எண்ணெயும் விரைவில் அதனைக் கெடுக்கும். சாம்பல் நிறமே நெடுநாள் நிற்கும்.

நல்ல மரம் தலைமுறைகளுக்கு உழைப்பது. அதன் அடியில் அமையும் தரையும், அம்மரத்தின் அழகை உயர்த்தி, நடப்பவரின் காலையும் காக்குமாயின், செலவிட்ட பொருள் வீண்போகாது.