விக்ரோலியின் சேற்று நிலமும் இளம் விஞ்ஞானிகளும்

மும்பையின் மத்திய ரயில்வேப் பாதையில் காட்கோபருக்கும் காஞ்சூர்மார்குக்கும் இடையே உள்ள நிலையம் விக்ரோலி. அங்கு இறங்கிக் கிழக்கு நோக்கிச் சென்றால், தொழிற்கூடங்களையும் நெடுஞ்சாலையையும் கடந்ததும், தாணே கடற்கழியின் கரையில் அலையாத்திக் காடு பரந்து கிடப்பதைக் காணலாம். மேற்கே, சில கிலோமீட்டர் தொலைவில், பொவாய் ஏரியின் அருகே 1958-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அமைந்திருக்கிறது. ஆராய்வதற்குரிய இயற்கையும் ஆராயும் கூடமும் இவ்வளவு அருகருகே அமைவது அரிது. சக்தி, சுற்றுச்சூழல் ஆகிய துறைகளில் டாக்டர் பட்டம் பெற்ற இளைஞர்களுக்கு இவ்வட்டாரம் நல்லதொரு பயிற்சிக் களமாகும்.

டாக்டர் பட்டம் பெற்றதோடு ஒருவருடைய பயிற்சி முடிந்துவிடுவதில்லை. பட்டத்திற்காகச் செய்யும் ஆராய்ச்சி பெரும்பாலும் வழிகாட்டியின் துணையோடு நடைபெறுவது. அதன் பின்னர், தாமே ஒரு வினாவை எழுப்பி, அதற்கு விடை காணும் முறையையும் தாமே வகுத்துக்கொள்ளும் திறமையை அவர் பெறவேண்டும். இதற்கென அளிக்கப்படுவதே பட்டத்திற்குப் பிந்திய ஆராய்ச்சி உதவிச் சம்பளம்.

அத்தகைய வினாக்கள் விக்ரோலியில் பல உள்ளன. அலையாத்தி மரங்கள் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்து வளர்கின்றன. உதிரும் இலைகளும் இறந்த வேர்களும் சேற்றில் புதைகின்றன. நாளொன்றுக்கு இருமுறை கடல்நீர் ஏறி இறங்கும் அச்சேற்றில் பிராணவாயு மிகக் குறைவு. ஆதலால் அவை எளிதில் மக்குவதில்லை. கரி பல நூற்றாண்டுகள் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. நீண்ட குழாயைச் சேற்றில் செலுத்தி மண்ணை எடுத்து, உலர்த்தி, நிறுத்து, அதிலுள்ள கரியின் அளவைக் கணக்கிடுகின்றனர்.

ஆனால் கணக்கு இதனோடு முடிவதில்லை. உவர்நீரிலுள்ள சல்பேட், மீதேன் வாயு உண்டாவதைத் தடுக்கிறது. நகரத்தின் கழிவுநீர் கலந்து உவர்ப்புக் குறைந்தால் அத்தடை தளர்ந்து, மீதேன் மிகுதியாக வெளிவரக்கூடும். நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, மீதேன் கரியமில வாயுவைப் போல் 25 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் தன்மையுடையது. எனவே, காடு சேமித்து வைக்கும் நன்மையில் எவ்வளவு பங்கு இவ்வாறு வீணாகிறது என்பதை இடந்தோறும், பருவந்தோறும் அளந்தால்தான் அறிய முடியும். இது ஓர் இளம் ஆராய்ச்சியாளர் துணிந்து ஏற்கத்தக்க பணியாகும்.

இக்காட்டைப் பேணுவதற்கு அடிப்படை அமைப்புகளும் உள்ளன. கோத்ரெஜ் அறக்கட்டளையினர் 1985-ல் இங்குக் கடல்சார் சூழலியல் மையம் ஒன்றை நிறுவினர். மகாராஷ்டிர அரசு 2012-ல் அலையாத்திக் காடுகளுக்கெனத் தனிப் பிரிவை ஏற்படுத்தியது. தாணே கடற்கழியின் ஒரு பகுதி, ஏறத்தாழ 1,690 ஹெக்டேர் பரப்பு, 2015-ல் பூநாரைகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் ராம்சார் உடன்படிக்கையின்படி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது.

சக்தித் துறையிலும் வாய்ப்புகள் குறைவல்ல. பொவாய்க் கழகத்தில் 2010-ல் தொடங்கப்பட்ட தேசிய சூரிய மின்னாற்றல் ஆராய்ச்சி, கல்வி மையம், நாட்டின் பல பகுதிகளில் நிறுவப்பட்ட சூரிய மின் தகடுகளைப் பிறருடன் இணைந்து நேரில் சோதித்தது. 2013 முதல் 2018 வரை நான்கு முறை நிகழ்ந்த இச்சோதனைகளில், வெப்பம் மிகுந்த பகுதிகளில் உள்ள தகடுகள் விரைவாகத் திறன் குன்றுவது தெரியவந்தது. ஈரக்காற்றும் உப்பும் தூசியும் நிறைந்த கடற்கரை நகரங்களுக்கேற்ற தகடுகளை உருவாக்குவது எவ்வாறு என்பது இதிலிருந்து எழும் அடுத்த வினா.

இத்துறைகளில் ஈடுபட விரும்புவோர்க்கு மத்திய அரசின் தேசிய ஆராய்ச்சி உதவிச் சம்பளத் திட்டம் உள்ளது. முன்னர் விஞ்ஞான, பொறியியல் ஆராய்ச்சி வாரியம் நடத்திய இத்திட்டம், 2024 முதல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தின் பொறுப்பில் வந்துள்ளது. உதவிக் காலம் இரண்டு ஆண்டுகள். வயது வரம்பு 35. மகளிருக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், இதர பிற்பட்ட வகுப்பினர் ஆகியோருக்கும் ஐந்து ஆண்டுகள் தளர்வு உண்டு. தமக்கு வழிகாட்ட இசையும் விஞ்ஞானி ஒருவரை விண்ணப்பதாரர் முன்கூட்டியே தேடிக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு சங்கடத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சேற்றில் கரி படிவதற்கு நூற்றாண்டுகள் ஆகின்றன. ஆராய்ச்சியாளருக்குக் கிடைப்பதோ இரண்டு ஆண்டுகள். ஒரு மழைக்காலத்தில் பெற்ற அளவு மறு மழைக்காலத்தில் மாறக்கூடும். அவர் வேறிடம் சென்றதும் அளத்தல் நின்றுவிட்டால், அதுவரை செய்த உழைப்பில் பெரும்பங்கு பயனற்றுப் போகும். இதைத் தடுக்கக்கூடியவர் அவ்விடத்திலேயே பணிபுரியும் களப் பணியாளரே. நீர் ஏறும் நேரம், உவர்ப்பு, மரங்களின் சுற்றளவு ஆகியவற்றை ஒரே இடத்தில், ஒரே முறையில், தேதியிட்டுக் குறித்து வைக்கும் பதிவேடு, வருவோரும் போவோரும் மாறினாலும் மாறாமல் நிற்கும். விலையுயர்ந்த கருவியைக் காட்டிலும் இருபது ஆண்டுப் பதிவேடு சிறந்த செல்வம் என்பதில் ஐயமில்லை.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தாராவி, மாடுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழ்ச் சிறுவர்களுக்கு இக்கடற்கழி தொலைவானதன்று. தமிழ்நாட்டு மாணவர்களுக்குப் பிச்சாவரம் உள்ளது. வெண்கண்டல் மரத்தின் இலையைக் கூர்ந்து நோக்கினால், அது வெளியேற்றிய உப்பு நுண்ணிய படிகங்களாகப் படிந்திருப்பதைக் காணலாம். சேற்றிலிருந்து விரல்கள் போல் மேலெழும் மூச்சு வேர்களையும் எண்ணிப் பார்க்கலாம். “இவ்வேர்கள் ஏன் மேல்நோக்கி வளர்கின்றன?” என்று ஒரு மாணவன் கேட்பானாயின், அவனுக்கு உடனே விடை கூறிவிடாமல், தானே தேடிக் காணும்படி ஊக்குவித்தல் நன்று. பிற்காலத்தில் அவனை ஆராய்ச்சிக் கூடத்திற்கு அழைத்துச் செல்லும் பாதை அக்கேள்வியில் தொடங்குகிறது.