பழைய ஹெரால்டோட எலும்புக்கு வெல்டிங் போடலாமா?

இந்த எபிசோட்ல ஒரு காரோட அடிப்பக்கத்தைப் பத்திப் பேசப் போறோம்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. சென்னைக்குப் பக்கத்துல வண்டலூர்ல இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ், 1961லேருந்து செஞ்ச குடும்ப கார். ஆனா அதுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் தம்பி உண்டு. ஹெரால்டோட சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962ல இங்கிலாந்துல டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரைக் கொண்டு வந்தாங்க. ரெண்டையும் வடிவமைச்சவர் ஒரே ஆள், இத்தாலியைச் சேர்ந்த ஜியோவானி மிக்கலோட்டி. அதனால இன்னைக்குப் பேசறது ரெண்டு வண்டிக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

இப்ப வர்ற கார்கள்ல பாடியே சட்டம். இதுல அப்படி இல்ல. நடுவுல முதுகெலும்பு மாதிரி ரெண்டு இரும்புச் சட்டம், அதுலேருந்து பக்கவாட்டுல கை மாதிரி நீட்டிக்கிட்டிருக்கற துண்டுகள், அதுக்கு மேல போல்ட் போட்ட பாடி. இந்தக் கைகளும் சட்டமும் உள்ளுக்குள்ள வெறும் குழல். தண்ணி உள்ள போனா சுலபமா வெளிய வராது.

கடலூர்ல தேவனாம்பட்டினம் பக்கம் என் நண்பர் வீட்டுல அப்படி ஒரு ஹெரால்ட் நிக்குது. அவரோட தாத்தா வாங்கினது. குடும்பத்தோட அதுல சிதம்பரம் வரைக்கும், சுமார் 45 கிலோமீட்டர், ஓட்டிட்டுப் போகணும்னு அவருக்கு ஆசை. ஆனா கடல் காத்துல உப்பு இருக்கு. உப்பு ஈரத்தை இழுத்து வச்சுக்கும், துருவையும் வேகப்படுத்தும். வெளிய பெயிண்ட் பளபளன்னு இருக்கும்போதே உள்ள இரும்பு அப்பளமா மாறிடும். ஒரு பட்டறையில, "மேல கனமா ஒரு பிளேட் வச்சு சுத்தி அடிச்சுடலாம்"னு சொல்லியிருக்காங்க. அவர் என்கிட்ட கேட்டது, அது போதுமான்னு.

போதாது. துருவுக்கு மேல போட்ட வெல்டு எதையும் பிடிச்சுக்காது. முதல்ல சின்னச் சுத்தியலால தட்டிப் பாக்கணும். நல்ல இரும்பு கணீர்னு கேக்கும், துருப்பிடிச்சது டப்புன்னு கேக்கும். சந்தேகமான இடத்துல ஸ்க்ரூடிரைவரை அழுத்தினா உண்மை தெரிஞ்சிடும். நல்ல இரும்பு தெரியற வரைக்கும் வெட்டி எடுக்கணும். அப்புறம் பழைய தகடு என்ன கனமோ, அதே கனத்துல புது மைல்ட் ஸ்டீல் தகடு வைக்கணும்.

கனமா வச்சா நல்லதுதானேன்னு தோணும். ஆனா சட்டம் ஓடும்போது லேசா வளைஞ்சு வளைஞ்சு நிமிருது. நடுவுல ஒரு இடத்தை மட்டும் கல்லு மாதிரி ஆக்கிட்டா, வளைவு முழுக்க அந்தப் பிளேட் முடியற கோட்டுல போய்ச் சேரும். வெல்டு சூட்டுல குணம் மாறின இரும்பும் அங்கதான் இருக்கு. கொஞ்ச நாள்ல அங்கேயே விரிசல் விடும். அதனாலதான் பிளேட்டோட முனையை நேரா வெட்டாம, மீன் வாய் மாதிரி கூர்மையாச் சரிச்சு வெட்டுவாங்க. விசை படிப்படியாக் கைமாறும்.

இன்னொரு விஷயத்தை வீட்டுலயே செஞ்சு பாருங்க. டிஷ்யூ ரோலுக்குள்ள இருக்கற அட்டைக் குழலை எடுத்து முறுக்குங்க. அசையாது. அதையே நீளவாக்குல ஒரு கோடு கிழிச்சுட்டு முறுக்குங்க. துணி மாதிரி சுத்தும். குழலோட ஆரம் தகட்டுக் கனத்தைப் போல 10 மடங்குன்னா, மூடின குழல் கிழிச்ச குழலைவிட முறுக்குக்கு சுமார் 300 மடங்கு விறைப்பா நிக்கும். சேஸிஸ்ல துரு ஒரு ஓரத்தைத் தின்னுடுச்சுன்னா நடக்கறதும் இதுதான். அதனால இரும்பைக் கூட்டறது முக்கியம் இல்ல. திறந்த பெட்டியை மறுபடி முழுசா மூடறதுதான் முக்கியம்.

அடுத்து, வேலை செய்யற வரிசை. பெட்ரோல் டேங்கைக் கழட்டணும், பேட்டரியைப் பிரிக்கணும். வெட்டறதுக்கு முன்னாடியே சட்டத்தை மட்டமா ஸ்டாண்டுல நிறுத்தி, மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்து எழுதி வைக்கணும். ஸ்பிட்ஃபயர்ல கூடுதல் கவனம் வேணும், ஏன்னா அதுல கதவுக்குக் கீழ இருக்கற சில்லும் பாரம் தாங்குது. மெல்லிய தகடுக்கு சாதாரண ஆர்க் வெல்டிங் போட்டா ஓட்டை விழுந்துடும். நம்ம பட்டறைகள்ல சி.ஓ.டூ. வெல்டிங்னு சொல்ற மிக் வெல்டிங்தான் சரி. ஒரே இழுப்புல ஓட்டாம, இங்க ஒரு அங்குலம், எதிர்ப்பக்கம் ஒரு அங்குலம்னு மாத்தி மாத்திப் போடணும். ஆறும்போது வெல்டு சுருங்கும், கூடவே சட்டத்தையும் இழுக்கும். நடுநடுவுல குறுக்களவைச் சரிபாக்கணும். கடைசியில குழலுக்குள்ள மெழுகு மாதிரியான துருத் தடுப்பு அடிச்சு, தண்ணி வடியற ஓட்டைகளை அடைக்காம விடணும்.

இதெல்லாம் வெறும் பட்டறை அனுபவம்னு நினைக்காதீங்க. சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழக உற்பத்திப் பொறியியல் துறையில, உலோகங்களை இணைக்கறதைப் பத்தி ஆராயறதுக்குன்னே ஒரு மையம் இருக்கு. வெல்டு போட்ட இடத்துல இரும்பு எப்படிக் களைச்சுப் போகுதுங்கறது அவ்வளவு பெரிய பாடம்.

சட்டப் பக்கமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றுல இருக்கற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 50 வருஷம் தாண்டின வண்டிகளுக்கு 2021ல வந்த வின்டேஜ் பதிவு விதி இன்னும் கறார். சேஸிஸை மாத்தியிருந்தா அந்தத் தகுதியே கிடைக்காது. கிடைச்சாலும், அந்தப் பதிவோட தினசரி ஓட்ட முடியாது. அதனால பழைய வடிவத்துக்கே திருப்பிக் கொண்டு வாங்க, புதுசா எதையும் சேர்க்காதீங்க. ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து வைங்க. சேஸிஸ் நம்பர் இருக்கற இடத்தைக் கிரைண்டர் தொடவே கூடாது.

ஒரு பட்டறையை நம்பலாமான்னு தெரிஞ்சுக்க, "வெட்டறதுக்கு முன்னாடி எங்கெங்க அளவு எடுப்பீங்க?"ன்னு கேளுங்க. பதில் சொல்ல டேப்பை எடுத்துக்கிட்டு வண்டிக்கு அடியில போறவர்கிட்ட சாவியைக் கொடுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.