உங்களுக்குத் தெரியுமா? படுக்கை நனைவது பிள்ளையின் குற்றமல்ல

ஐந்து வயதுக் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 15 பேர் இரவில் படுக்கையை நனைக்கிறார்கள். சோம்பலும் வீம்பும் காரணமல்ல. சிறுநீர் சுரப்பதைக் குறைக்கும் வாசோபிரசின் ஹார்மோன் சில பிள்ளைகளுக்கு இரவில் போதிய அளவு சுரப்பதில்லை. சிறுநீர்ப்பை நிரம்பினாலும் தூக்கம் கலைவதில்லை. சின்ன வயதில் அப்பாவோ அம்மாவோ நனைத்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். அப்படியிருக்க, அடிப்பதும் அடுத்தவர் முன் சொல்லிக்காட்டுவதும் பெரும் அநியாயம்.

பலரும் கவனிக்காத காரணம் மலச்சிக்கல். இறுகிய மலம் தேங்கிய குடல், முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. இன்னொன்று பள்ளிக் கழிப்பறை. அங்கே போகப் பயந்து பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளை, வீட்டுக்கு வந்ததும் சொம்பு சொம்பாகக் குடிக்கும். தண்ணீரைப் பகலிலேயே பிரித்துக் குடிக்கப் பழக்குங்கள். டீ, காபி வேண்டாம். மெத்தையில் ரப்பர் ஷீட் விரித்து, மாற்றுத் துணியைத் தலைமாட்டிலேயே வைத்துவிட்டால் நடுராத்திரியில் வீடே அமளிப்படாது.

ஏழு வயதுக்குப் பிறகும் தொடர்ந்தால், ஈரம் பட்டதும் ஒலிக்கும் அலாரம் நன்றாக உதவும். அமெரிக்க உளவியலாளர் மௌரர் தம்பதி 1938-லேயே இம்முறையை விளக்கி எழுதினார்கள். பலன் தெரிய இரண்டு, மூன்று மாதம்கூட ஆகலாம், பொறுமை வேண்டும். ஆறு மாதம் நனைக்காமல் இருந்த பிள்ளை மீண்டும் நனைத்தாலோ, தாகம் மிகுந்தாலோ, சிறுநீர் போகும்போது எரிந்தாலோ தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோயாகவோ சிறுநீர்த் தொற்றாகவோ இருக்கலாம்.